கோயிலுக்கு நேரா

ஜன்னல் பக்கம் நீங்களே உக்காருங்க அக்கா. எனக்கு இந்த ஓரம் போதும். இடையில எந்திரிச்சுப் போக வேண்டியது வரும். எங்க போகவா? அந்தா, முன்னாடி. டிரைவருக்குப் பின்னாடி மூணாவது சீட்டுல வெள்ளைச் சட்டை போட்டு ஒருத்தர் உக்காந்திருக்காருல்ல, அவருகிட்ட. போயி ஒரு விஷயம் சொல்லணும். ரெண்டு வரிதான். தூத்துக்குடி வர்றதுக்குள்ள சொல்லியாகணும். பஸ்ஸை விட்டு இறங்கிட்டாருன்னா நேரா ஆபீசுக்குப் போயி, சட்டைப் பையில இருக்க லெட்டரைக் குடுத்துருவாரு. பதினொரு மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க. குடுத்த உடனே லைசென்ஸ் போயிரும். முப்பத்தொரு வருஷமா படகு ஓட்டுறவரு அக்கா. யாரும் புடுங்கல. தானாவே திருப்பிக் குடுக்கப் போறாரு.

கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. அவருக்குக் காது நல்லாக் கேக்கும்.

உங்ககிட்ட எதுக்குச் சொல்றேன்னா, முன்னப் பின்ன தெரியாத ஆளுகிட்ட ஒரு தடவ சொல்லிப் பாத்தா வாய் பழகும்ல. அதுக்குத்தான். மத்தபடி எனக்குப் பேசப் பயம் கிடையாது. நான் மூஞ்சிக்கு நேராப் பேசுறவ. தருவைகுளத்துல ரெக்ஸலின்னு கேட்டுப் பாருங்க. எங்க கணக்கு டீச்சரையே, "மிஸ், நேத்து நீங்க போட்டது தப்பு"ன்னு எந்திரிச்சு நின்னு சொன்னவ. பதினொன்னாம் வகுப்புல பாதியில நின்னுட்டேன். யாரும் நிறுத்தல, நானாத்தான் நின்னேன். ஒரே பாடத்தை நாலு தடவ நடத்துனா எப்படி உக்காந்திருக்கிறது? எங்க சித்தப்பா பைபர் பட்டறை வச்சிருக்காரு, படகு செய்யுற பட்டறை. அங்க போயிட்டேன். பதினேழு வயசுலயே அளவெடுத்து, அச்சு போட்டு, பிசின் ஊத்தி, தேச்சு, பெயின்ட் அடிச்சு, முழு வேலையும் நானே செய்வேன். சித்தப்பா வந்து பாக்கக்கூட மாட்டாரு.

அவரு பேரு தெலஸ்போர். எனக்குச் சொந்தமில்ல, ஆனா மாமான்னுதான் கூப்புடுவேன். எங்க ஊருல ஒரு பாய்மரப் படகு நிக்குது. ரிசார்ட் வச்சிருக்க ஒரு முதலாளி வாங்கிப் போட்டது. வெளியூர்க்காரங்களை ஏத்திக்கிட்டு தீவுப் பக்கம் ஒரு சுத்து சுத்திட்டு வரும். அதை ஓட்டுறவரு இவருதான். பின்பக்கம் ஆள் உயரத்துக்கு ஒரு சக்கரம் இருக்கும், அதைத் திருப்புனா சுக்கான் திரும்பும். சக்கரத்துக்கு முன்னாடி இடுப்பளவுக்கு ஒரு தூண். தூண் உச்சியில காம்பஸ். கண்ணாடிக் கிண்ணத்துக்குள்ள நம்பர் போட்ட வட்டு மிதந்துகிட்டு இருக்கும். அது வரைக்கும் சரி. ஆனா ஜிபிஎஸ்ஸையும் எக்கோவையும், எக்கோன்னா அடியில எத்தனை ஆழம்னு காட்டுற மிஷினு, அது ரெண்டையும் சைக்கிள் டியூபை வெட்டிக் கட்டி வச்சிருந்தாங்க. அலை தெறிச்சு உப்புத் தண்ணி மேலேயே விழும். சார்ஜ் போடுற ஓட்டை எல்லாம் பச்சை பிடிச்சுப் போச்சு. மாசத்துக்கு ஒரு தடவ ரிப்பேர்.

முதலாளி பட்டறைக்கு வந்து, "நல்லா ஒரு பொட்டி பண்ணி உள்ள வச்சு மூடிக் குடுங்க, தண்ணி ஒரு சொட்டு போகக் கூடாது"ன்னாரு. சித்தப்பா என்னையக் கைகாட்டிட்டாரு.

நான் எப்படிச் செஞ்சேன்னு கேளுங்க. மாமாவைச் சக்கரத்துக்குப் பின்னாடி நிக்க வச்சு, கண்ணு மட்டம் எங்க வருதுன்னு அளந்தேன். வெயில் பட்டு கூசக் கூடாதுன்னு பொட்டியைக் கொஞ்சம் சாய்ச்சு வச்சேன். வயர் உள்ள போற ஓட்டைக்கு ரப்பர் போட்டு சிலிக்கான் அடிச்சேன். மேல கண்ணாடி மாதிரி அக்ரிலிக் மூடி. கீல் பிளாஸ்டிக். மாமா ஒன்னே ஒன்னுதான் சொன்னாரு: "ஏ பிள்ள, காம்பஸ் பக்கத்துல இரும்பு மட்டும் வந்துரக் கூடாது." நல்ல எவர்சில்வர் ஸ்க்ரூவாத்தான் வாங்கினேன். கடைக்காரனை நம்ப முடியுமா? அலமாரிக் கதவுக்குப் போடுற காந்தம் இருக்கும்ல, ரெண்டு வாங்கி வச்சுக்கிட்டு, ஒவ்வொரு ஸ்க்ரூவா ஒட்டுதா ஒட்டுதான்னு பாத்தேன். ஒட்டினதை எல்லாம் தூக்கி எறிஞ்சேன். நாப்பத்தெட்டுல ஏழு தேறல. அவ்வளவு கவனம்.

மூடிக்குக் கொக்கிதான் இல்ல. பிளாஸ்டிக் கொக்கி, சென்னையில இருந்து வரணும். கிறிஸ்துமஸ் முடிஞ்சுதான் வரும்னுட்டாங்க. பத்து நாளு! முடிஞ்ச வேலையைப் பத்து நாளு போட்டு வச்சிருக்க என்னால ஆகாது அக்கா. கையில என்ன இருந்துச்சுன்னு பாத்தேன்.

காந்தம் இருந்துச்சு.

ஒன்னை மூடி ஓரத்துல, ஒன்னைப் பொட்டி ஓரத்துல குழி வெட்டிப் பதிச்சு, மேல பிசினைப் பூசி, தேச்சு, வெள்ளை பெயின்ட் அடிச்சுட்டேன். வெளிய ஒன்னுமே தெரியாது. மூடியை விட்டா 'டக்'குன்னு தானா மூடிக்கும். அலை எப்படித் தூக்கிப் போட்டாலும், எந்தக் குலுக்கலுக்கும் திறக்காது. காம்பஸுக்கும் அதுக்கும் ஒரு சாண் இருக்கும். ஒரு சாண்கூட இருக்காது.

பாக்காதீங்க அப்படி. காந்தம்னா காம்பஸுக்கு ஆகாதுன்னு எனக்குத் தெரியாதா? ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். ஆனா என் மண்டையில என்ன ஓடுச்சுன்னா, இரும்புதான் ஆகாது, இரும்பைக் கண்டுபிடிக்கத்தான் காந்தம். காந்தத்தை நான் போலீஸ்னு நெனச்சேன் அக்கா. திருடன்னு தோணவே இல்ல. அப்பவே வட்டு திரும்புறதைப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். ஆனா காம்பஸ் மேல பைபர் தூசி விழுந்து கீறல் ஆயிரக் கூடாதுன்னு, பேப்பரைச் சுத்தி டேப் ஒட்டி மூடி வச்சிருந்தேன். அதுவும் கவனம்தான்.

சரி. இப்பச் சொல்றதுதான் விஷயம்.

சக்கரத்துக்கிட்ட என்ன வேலை செஞ்சாலும் மாமா ஒரு பழக்கம் வச்சிருப்பாரு. நங்கூரம் போடுற இடத்துல படகு மூக்கைக் கோயில் கோபுரத்துக்கு நேராத் திருப்பி நிறுத்தி, காம்பஸைப் பாக்கணும். இருநூத்தி எழுபது காட்டணும், அதாவது நேர் மேற்கு. காட்டலைன்னா என்னவோ கோளாறு. அஞ்சு நிமிஷ வேலை. அன்னைக்கு அவரு இல்ல, பேரப் பிள்ளைக்கு ஞானஸ்நானம்னு மணப்பாட்டுக்குப் போயிருந்தாரு. "நீயே பாத்துரு"ன்னு சொல்லிட்டுப் போனாரு. டிசம்பர் இருபத்திமூணு. சாயங்காலம் நாலு பத்துக்குத் தூத்துக்குடி பஸ். கிறிஸ்துமஸுக்குச் செருப்பு எடுக்கணும். நங்கூரத்தைத் தூக்கி, படகைத் திருப்பி, ஆளைக் கூப்பிட்டு... பேப்பரைக் கிழிச்சுப் போட்டுட்டு ஓடிட்டேன்.

இந்தச் செருப்புதான்.

மறுநா காலையில அவரு வந்தாரு. ஆளுங்க எட்டு பேரு ஏறி உக்காந்தாச்சு. மூடியைத் திறந்து மூடி, திறந்து மூடி, சின்னப் பிள்ளை மாதிரி பத்து தடவ பண்ணுனாரு. "ஏ, அலமாரி மாதிரிலா மூடுது!"ன்னு ஒரே சிரிப்பு. அப்புறம் கேட்டாரு.

"கோயிலுக்கு நேரா வச்சுப் பாத்தியா?"

"பாத்தாச்சு மாமா. சரியா இருக்கு."

அவ்வளவுதான். வேற எதுவும் கேக்கல. அவரும் ஒரு தடவ பாத்திருக்கலாம்ல? நான் அதையும் நெனச்சுப் பாத்தேன். ஆனா நான் பொய் சொல்ல மாட்டேன்னு ஊருக்கே தெரியும். அப்புறம் எதுக்குப் பாக்கப் போறாரு.

மூணு வாரத்துக்கு மேல ஒன்னும் ஆகல. வெளிச்சம் இருக்கப்ப அவரு காம்பஸ் பக்கம் திரும்பவே மாட்டாரு. அனல் மின் நிலையத்துப் புகைக்கூண்டும் எங்க கோயில் கோபுரமும் தெரிஞ்சாப் போதும், கண்ணை வச்சே வந்துருவாரு. பொங்கல் லீவுல, பத்தொம்பதாம் தேதி, தீவுக்கு அந்தப் பக்கம் போயிட்டுத் திரும்பி வர்றப்ப மழை பிடிச்சுக்கிச்சு. சாதா மழை இல்ல. கையை நீட்டுனா கை தெரியலையாம். கரையும் இல்ல, புகைக்கூண்டும் இல்ல. அந்த நேரம் பாத்து பேட்டரிகிட்ட வயர் அத்து, ஜிபிஎஸ், எக்கோ ரெண்டும் அணைஞ்சு போச்சு. அது பழைய வயர். அது என் வேலை இல்ல. அதை மட்டும் சொல்லிக்கிறேன்.

மாமா பதறல. காம்பஸைப் பாத்தாரு. தீவுக்கும் தீவுக்கும் நடுவுல ஆழமான வழி ஒன்னு இருக்கு, இருநூத்தி எழுபதுல போனா நேரா அதுல போயிரலாம். இருநூத்தி எழுபதுல பிடிச்சு வந்தாரு. படகு என்னவோ அதுல வரல. பாருல போயி ஏறிருச்சு. பாருன்னா கடலுக்கடியில பாறை, பவளப் பாறை. சுக்கான் முறிஞ்சு, அடியில கிழிஞ்சு, ஏறியிருந்தவங்க எல்லாம் ஒருத்தர் மேல ஒருத்தர் விழுந்து... திருச்சியில இருந்து வந்த டீச்சரம்மாவுக்குத் தோள்பட்டை எலும்பு முறிஞ்சு போச்சு. இன்னும் கையைத் தூக்க முடியலையாம். உசுருக்கு ஒன்னும் ஆகல. எல்லாரும் அதையே சொல்றாங்க, உசுருக்கு ஒன்னும் ஆகலைல்லன்னு. ஆகியிருந்தா?

எனக்கு அன்னைக்கும் தெரியாது. சத்தியமாத் தெரியாது. படகை இழுத்துட்டு வந்து பட்டறையில ஏத்துனாங்க. மறுநா மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போயிட்டாங்க. பொட்டி உடைஞ்சிருக்கான்னு பாக்க நான் மட்டும் ஏறுனேன். மூடியைத் திறந்தேன். காம்பஸ் வட்டு திரும்புச்சு. தானா. படகு தரையில நிக்குது, ஆடல அசையல. அது என்னையத் திரும்பிப் பாத்துச்சு. மூடினேன். மறுபடி திரும்பி அந்தப் பழைய இடத்துல போயி நின்னுச்சு.

உங்க போன்ல காம்பஸ் இருக்குமா? குடுங்க. இந்தா இருக்கு. வடக்கு அந்தப் பக்கம், பனைமரம் பக்கம், சரியாத்தான் காட்டுது. இப்ப இந்த விக்ஸ் டப்பாவைப் பக்கத்துல கொண்டு வர்றேன், பாருங்க... பாத்தீங்களா? கடல் பக்கமாத் திரும்பிருச்சு. உள்ள என்னன்னு கேக்குறீங்களா? ரெண்டும் இதுக்குள்ளதான் இருக்கு. எங்க போனாலும் எடுத்துட்டுத்தான் போறேன். கடல்ல எறியப் போனேன், எறிய முடியல. எறிஞ்சுட்டா அப்புறம் நான் சொல்றதை யாரு நம்புவா?

ஆமா, நான்தான் எடுத்தேன். அந்த மத்தியானமே. உளியை வச்சு ரெண்டையும் தோண்டி எடுத்துட்டு, குழியில பிசினை ஊத்தி, தேச்சு, பெயின்ட் அடிச்சேன். சித்தப்பா சாப்பிட்டு வர்றதுக்குள்ள முடிச்சுட்டேன். கோளாறு இருந்துச்சு, சரி பண்ணுனேன், அப்படித்தான் நெனச்சேன். ஒளிக்கணும்னு நெனக்கல. கை தன்னால செஞ்சுச்சு.

மறுநா அந்த லைசென்ஸ் ஆபீஸ்ல இருந்து ரெண்டு பேரு வந்தாங்க. பெரிய காம்பஸ் ஒன்னு கொண்டு வந்து, பக்கத்துல வச்சு மூணு தடவ பாத்தாங்க. மூணு தடவையும் அச்சு மாதிரி ஒன்னாக் காட்டுச்சு. "கருவியில ஒரு குறையும் இல்லையே"ன்னு எழுதிக்கிட்டாங்க. நான் பக்கத்துலதான் தண்ணிச் செம்போட நிக்கேன். கருவியில குறை இல்லைன்னா அப்புறம் யாருகிட்டக் குறை? மாமாகிட்டத் திரும்பி, "என்ன நம்பர்ல வந்தீங்க?"ன்னாங்க.

"இருநூத்தி எழுபதுங்க."

"இருநூத்தி எழுபதுல வந்தா பாருக்கு எப்படி வருவீங்க? உங்களுக்கு வயசென்ன?"

"அம்பத்தெட்டு."

"கண்ணு டெஸ்ட் பண்ணி எத்தனை நாளாச்சு?"

மாமா காம்பஸ்கிட்டக் குனிஞ்சு ரொம்ப நேரம் பாத்தாரு. பாத்துட்டு, "இருநூத்தி அம்பதா இருந்திருக்கும். நான்தான் மாத்திப் பாத்துட்டேன் போல"ன்னாரு. அப்ப நான் வாயைத் திறந்திருக்கணும். செம்பை நீட்டி, "தண்ணி குடிங்க மாமா"ன்னேன்.

அன்னையில இருந்து அவரு கண்ணை அவரே நம்புறதில்ல. டாக்டரு லேசாப் புரை விழ ஆரம்பிச்சிருக்கு, இப்ப ஒன்னும் செய்ய வேண்டாம், கண்ணு நல்லாத்தான் தெரியுதுன்னு சொல்லிட்டாரு. நம்பல. பைக்கை மருமகனுக்குக் குடுத்துட்டாரு. கோயில்ல வாசகம் வாசிக்கிறவரு, அதையும் நிறுத்திட்டாரு, தப்பா வாசிச்சுருவேனாம். இன்னைக்குக் காலையில பாருங்க, ஸ்டாப்புல நானும் நிக்கேன், அவரும் நிக்காரு. பஸ் அங்க உப்பளத்துக்கிட்ட வர்றப்பவே, எனக்கு வெறும் தூசிதான் தெரியுது, "தூத்துக்குடி பஸ் வருது"ன்னாரு. பக்கத்துல வந்ததும் பாத்தா போர்டுல அதுதான் எழுதியிருக்கு. சரியாத்தான் சொன்னாரு. ஆனா ஏறுறதுக்கு முன்னாடி என்னையப் பாத்துக் கேக்காரு:

"ஏ பிள்ள, அது நம்ம பஸ்தானா? நல்லாப் பாத்துச் சொல்லு."

என்னையக் கேக்காரு அக்கா. என்னைய!

இன்னும் ஒன்னு இருக்கு. அந்த லெட்டர். அது என் கையெழுத்து. நேத்து வீட்டுக்கு வந்து, "நீ படிச்ச பிள்ளை, தப்பில்லாம எழுதுவ"ன்னு வெள்ளைப் பேப்பரையும் பேனாவையும் நீட்டுனாரு. எழுதுனேன். 'ஐயா, பார்வைக் குறைவு காரணமாக இனி படகு ஓட்டுவதற்கு நான் தகுதியற்றவன் என உணர்ந்து...' அவரு சொன்னது 'கண்ணு தெரியல, அதனால குடுத்துருதேன்', அவ்வளவுதான். தகுதியற்றவன்கிறது நான் போட்டது. லெட்டர்னா அப்படித்தானே எழுதணும். எழுதி முடிச்சதும் வாங்கி, கொஞ்சம் தள்ளிப் பிடிச்சு, வாசிச்சாரு. ஒரு எழுத்து தடுமாறாம வாசிச்சாரு. வாசிச்சுட்டு, "சரியா வாசிச்சேனா?"ன்னு கேட்டாரு. சரியாத்தான் வாசிச்சீங்கன்னேன். அது ஒன்னுதான் இந்த ரெண்டு மாசத்துல நான் அவருகிட்டச் சொன்ன உண்மை.

அது மாப்பிள்ளையூரணியா? அதுக்குள்ளயா வந்துருச்சு? அடுத்தது தூத்துக்குடிதான்.

இல்ல அக்கா, அவரு பக்கத்துலயே உக்காந்திருக்கலாம்தான். இடம் இல்ல, அதனாலதான் இங்க... காலியாத்தான் இருக்கா? இப்பத்தான் எந்திரிச்சுப் போயிருப்பாங்க. ஏறுனதுல இருந்தேவா? சரி. பாத்தேன். பாத்துட்டுத்தான் இங்க வந்தேன்.

சொன்னா என்ன ஆகும்னு நினைச்சுப் பாத்திருக்கேன். சித்தப்பா பட்டறைக்கு இனி ஒருத்தனும் வேலை குடுக்க மாட்டான். டீச்சரம்மா வீட்டுக்காரரு கேஸு போட்டாலும் போடுவாரு. ஊருல, பெருசாப் பேசுனாளே, பாருன்னு சொல்லுவாங்க. அதெல்லாம்கூடப் பரவாயில்ல. மாமா என்னையத் திட்டுனா நிம்மதியாப் போயிரும். அவரு திட்ட மாட்டாரு அக்கா. "அப்ப என் கண்ணு சரியாத்தான் இருந்துச்சா?"ன்னு கேப்பாரு. ரெண்டு மாசமா அதைக் கேக்க விடாம வச்சிருந்திருக்கேன். அந்தக் கேள்விக்குத்தான் பயமா இருக்கு.

உங்க போனைப் பிடிங்க. இன்னும் கோணையாவே காட்டுது பாருங்க, காந்தத்தை எடுத்த பிறகும். எட்டு போடுற மாதிரி காத்துல ரெண்டு தடவ ஆட்டுங்க, சரியாயிரும். போனுக்கு அது போதும்.

தூத்துக்குடி வந்துருச்சு, கண்டக்டர் விசில் அடிச்சுட்டான். அந்தா அவரு எந்திரிக்காரு. கம்பியைத் தடவிப் பிடிச்சுக்கிட்டு எந்திரிக்காரு, பாருங்க, எல்லாம் தெரிஞ்சுகிட்டே தடவுறாரு. கொஞ்சம் காலை மடக்குங்க அக்கா. இல்ல, டப்பா என்கிட்டயே இருக்கட்டும், அது வேணும்.

மாமா! தெலஸ்போர் மாமா! இறங்காதீங்க, நில்லுங்க. அண்ணே, ஒரு நிமிஷம் வண்டியை எடுக்காதீங்க.

ஆமா மாமா, ரெக்ஸிதான். நான்தானான்னு எதுக்குக் கேக்குறீங்க, அதான் பாத்த உடனே பேரைச் சொல்லிட்டீங்கல்ல. நான்தான். உங்க கண்ணு சொல்றது சரிதான். அன்னைக்கு மழையிலயும் சரிதான். மாமா, அந்த லெட்டர் பக்கம் கையைக் கொண்டு போகாதீங்க. என்னையப் பாருங்க. கோயிலுக்கு நேரா வச்சுப் பாத்தியான்னு கேட்டீங்கல்ல?

பாக்கல மாமா.